வகுப்பில் போன் வழியே வாக்கெடுப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் உண்மை தெரியும். அதை அந்த வகுப்பிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி, மாணவர்களைப் போனில் வாக்களிக்க வைப்பது. முன்பெல்லாம் இதற்கென்றே கிளிக்கர் என்ற சின்னக் கருவியை விற்றார்கள். இப்போது அது தேவையில்லை.

படி 1: ஒரே ஒரு செயலியைத் தேர்ந்தெடுங்கள்

மென்டிமீட்டர், ஸ்லைடோ, கூகுள் ஃபார்ம்ஸ், எதுவானாலும் சரி. இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதை மட்டும் முன்பே பாருங்கள்; பெரிய வகுப்புக்குப் பற்றாமல் போகலாம். முதல் நாள் வீட்டில் இரண்டு போன்களை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

படி 2: கேள்வி

உழைப்பெல்லாம் இங்கேதான். “நியூட்டனின் இரண்டாம் விதி எது?” என்பது நினைவாற்றலைச் சோதிக்கும், அவ்வளவுதான். இதைப் பாருங்கள்:

செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?
அ) சுழியம்
ஆ) கீழ்நோக்கி 9.8 மீ/வி²
இ) மேல்நோக்கி 9.8 மீ/வி²

விடை ஆ. ஆனால் சூத்திரத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்லும் மாணவர்களும் அ-வை அழுத்துவார்கள். வேகம் சுழியமானால் முடுக்கமும் சுழியம் என்ற குழப்பம் அப்படியே வெளியே வந்துவிடும். தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்ய வேண்டாம். பழைய விடைத்தாள்களில் மாணவர்கள் செய்த பிழைகளிலிருந்து எடுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று கேள்வி போதும்.

படி 3: வாக்கெடுப்பு

கியூஆர் கோடைத் திரையில் காட்டுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் யாரும் பேசாமல் யோசித்து வாக்களிக்கட்டும். பெயர் கேட்காதீர்கள்.

முக்கியமானது: முடிவைத் திரையில் காட்டாதீர்கள். முதல்முறை நான் வரைபடம் ஏறுவதை நேரலையாக ஓடவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எந்தப் பட்டை உயரமோ அதற்கே மீதி வாக்குகளும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பட்டை தவறான விடை.

படி 4: எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். சரியான விடை ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பாடத்தை இன்னொரு விதமாக மறுபடி நடத்துங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் விழுந்தால்தான் விருந்து: விடையைச் சொல்லாமல், “பக்கத்தில் வேறு விடை போட்டவரைத் தேடிப் பிடித்து, உங்கள் விடைதான் சரி என்று வாதாடுங்கள்” என்று விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அரங்கே இரைச்சலாகும். அடக்க வேண்டாம், நடுவில் நடந்துபோய் ஒட்டுக்கேளுங்கள். நேற்றுதான் குழம்பித் தெளிந்தவர் சொல்லும் விளக்கம், பல வருடம் முன்பே தெளிந்துவிட்ட நம் விளக்கத்தைவிடச் சுலபமாகப் போய்ச் சேர்கிறது.

அப்புறம் அதே கேள்விக்கு மறு வாக்கெடுப்பு. இப்போது இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துக் காட்டி விடையை விளக்குங்கள். தவறான விடை ஏன் தவறு என்பதையும் சொல்லுங்கள். அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

போன் இல்லாதவர்கள், நெட் கிடைக்காத அரங்கு

இருவருக்கு ஒரு போன் போதும். நெட்டே இல்லையென்றால் அ, ஆ, இ என்று எழுதிய அட்டைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கட்டும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பிளிக்கர்ஸ் என்ற முறையும் உண்டு: மாணவர் கையில் அச்சடித்த அட்டை, உங்கள் போன் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். சிறிய வகுப்புக்கு ஏற்றது.

மதிப்பெண்?

சரியான விடைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பக்கத்து போனைப் பார்த்து அழுத்துவார்கள். கலந்துகொண்டதற்கு ஒரு சிறு மதிப்பெண் தருவதானால், அதற்குப் பெயர் பதிவாக வேண்டியிருக்கும். திரையில் மட்டும் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு விழுக்காடுகளையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எந்தக் கேள்வியைத் தூக்கிப் போடலாம் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.