மணப்பாட்டுக் கடலுக்குள் எட்டிப்பார்க்க...

திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் மணப்பாடு. ஸ்நார்கெலிங் செய்ய, அதாவது மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலுக்குள் பார்க்க, முகமூடியோடு போகிறவர்கள், கரையில் வலை சரிசெய்யும் அண்ணாச்சியிடம் முதலில் கேளுங்கள்: "இன்னைக்கு நீவாடு எப்படி?" நீரோட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். அவர் வேண்டாமென்றால் இறங்கவே இறங்காதீர்கள். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்த்துவிடுங்கள், தண்ணீர் கலங்கியிருக்கும்.

காலையில் காற்று எழும்புமுன் இறங்குவதே நல்லது. முகமூடிக் கண்ணாடி பனிக்காமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவி, கடல்நீரில் ஒருமுறை அலசினால் போதும். நெற்றிமுடி ஒன்றே ஒன்று ரப்பர் விளிம்பில் மாட்டினாலும் தண்ணீர் கசியும், ஒதுக்கிவிட்டு அணியுங்கள். முதுகுதான் அதிகம் வெந்துபோகும். முழுக்கைச் சட்டை போடுங்கள். அப்புறம், தனியாகப் போகவேண்டாம். பாறையில் ஒட்டியிருக்கும் எதையும் தொடாதீர்கள், அதற்கும் உயிர் இருக்கிறது.