சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? பழைய விண்டோஸ் அப்டேட் கோப்புகளை நீக்கும் முறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பலரும் 11-க்கு மாறினோம். மாறிய கையோடு சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் அதிகம், அதுவும் 128 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள். போட்டோவையும் படத்தையும் பென் டிரைவுக்கு மாற்றியும் இடம் போதவில்லை என்றால், அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் விண்டோஸ் விட்டுச்சென்ற பழைய அப்டேட் கோப்புகளாகத்தான் இருக்கும்.

என் லேப்டாப்பில் இதைச் சரிசெய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். கருப்புத் திரையில் கட்டளை தட்டும் வேலை எதுவும் இதில் இல்லை. அட்மின் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், சார்ஜர் செருகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், எதைத் தொடக்கூடாது

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் பல ஜிபி காட்டும். உடனே கை துறுதுறுக்கும். வேண்டாம். சிஸ்டத்தின் கோப்புகளில் பலவும் 'ஹார்டு லிங்க்' முறையில் ஒரே நேரத்தில் அங்கேயும் சிஸ்டம்32 ஃபோல்டரிலும் தெரியும். ஒரே ஆளின் பெயர் இரண்டு வாக்காளர் பட்டியலில் இருப்பது மாதிரி. பெயர்களை எண்ணினால் இரண்டு பேர், வீட்டில் இருப்பது ஒருவர்தான். அதனால் அங்கே காட்டும் அளவை அப்படியே நம்ப முடியாது. கையால் அழித்தால் அடுத்த அப்டேட் ஏறாது, சில சமயம் கணினியே எழும்பாது. அதற்குள் இருக்கும் பழசை விண்டோஸே நீக்கட்டும், நாம் உத்தரவு மட்டும் கொடுப்போம்.

படி 1: டிஸ்க் கிளீனப்

ஸ்டார்ட் மெனுவில் 'டிஸ்க் கிளீனப்' என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இதை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பின்போதே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் 11-லும் அது இருக்கிறது. செட்டிங்ஸில் இருக்கும் புதிய ஸ்டோரேஜ் பக்கத்தைவிட எனக்கு இந்தப் பழைய ஜன்னல்தான் பிடிக்கும். எந்த வரி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். முதலில் வரும் பட்டியலில் டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ், ரீசைக்கிள் பின், தம்ப்நெயில்ஸ் போன்ற சில்லறைகள்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு ஓகே கொடுத்தால் சில நூறு எம்பி கிடைக்கும், 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது' என்று மூடிவிடுவோம். அப்டேட் கோப்புகள் அந்தப் பட்டியலில் வரவே வராது. கீழே இடது பக்கம் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது பாருங்கள், அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஜன்னல் மூடி, மறுபடி டிரைவைக் கேட்டு, மறுபடி கணக்குப் போடும். ஏதோ தவறாகிவிட்டது என்று நினைத்து கேன்சல் செய்யாதீர்கள், அதன் இயல்பே அப்படி. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இந்தக் கணக்குக்கே நல்ல நேரம் பிடிக்கும். ஆரம்பத்திலேயே வலது கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் இந்த இரட்டை வேலை மிச்சம்.

இப்போது வரும் பட்டியலில் கவனிக்க வேண்டியவை:

- விண்டோஸ் அப்டேட் கிளீனப்: புதிய பதிப்பு வந்ததால் பயனற்றுப்போன பழைய பாகங்கள். டிக் போடலாம்.
- ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்: இதுதான் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர். 11-க்கு மாறியவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பெரிய மீன். அடுத்த படியைப் படித்துவிட்டு டிக் போடுங்கள்.
- டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்: பக்கத்துக் கணினிகளோடு பகிர்ந்துகொள்ள வைத்திருக்கும் அப்டேட் நகல்கள். தாராளமாக அழிக்கலாம். தேவையில்லை என்றால் விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய்ப் பகிர்வதையே நிறுத்திவிடலாம்.
- டவுன்லோட்ஸ்: விண்டோஸ் 10-ன் சில பதிப்புகளில் இந்தப் பட்டியலில் இதுவும் வரும். இது அப்டேட் சமாச்சாரமே இல்லை, நீங்கள் இறக்கிவைத்த கோப்புகள். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறவர்கள் சான்றிதழ், சம்பள ரசீது எல்லாம் போய்விட்டது என்று தலையில் கைவைப்பது இதனால்தான்.

ஓகே கொடுத்ததும் பட்டை ஓரிடத்தில் நின்றுவிட்டது போலத் தெரியும். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்ற பெயர் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட்.

படி 2: விண்டோஸ்.ஓல்டு

மேம்படுத்திய 10 நாட்களுக்குள் மனம் மாறினால் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம், அதற்காகத்தான் இந்த ஃபோல்டர். அந்தக் கெடு தாண்டினால் விண்டோஸ் தானாகவே இதை அழித்துவிடும். பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாம் புதியதில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள். இதை அழித்துவிட்டால் 'கோ பேக்' வழி அடைபட்டுவிடும்.

மேம்படுத்தாமல் புதிதாக இன்ஸ்டால் செய்தவர்கள் ஒன்று செய்யுங்கள்: இந்த ஃபோல்டருக்குள் 'யூசர்ஸ்' என்று இருக்கும், அதற்குள் உங்கள் பழைய டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் இருக்கலாம். தேவையானதை எடுத்து வையுங்கள். சாதாரண டிலீட் கொடுத்தால் அனுமதி இல்லை என்று முரண்டு பிடிக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், படி 1-ல் சொன்ன டிக் போதும்.

படி 3: டாஸ்க் ஸ்கெட்யூலர்

வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் மிச்சம் இருக்கும் பழசுக்கு விண்டோஸே ஒரு துப்புரவு வேலையை வைத்திருக்கிறது. வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஸ்கெட்யூலரை ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து லைப்ரரி, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சர்வீசிங் என்று வரிசையாக உள்ளே போங்கள். 'ஸ்டார்ட் காம்பொனன்ட் கிளீனப்' என்று ஒன்று இருக்கும். வலது கிளிக், ரன். கணினி சும்மா இருக்கும்போது இது தானாக ஓடும். அப்படி ஓடும்போது, புதிய பாகம் ஏறி 30 நாட்களாவது ஆன பிறகுதான் பழையதை நீக்கும். நாம் கையால் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும், வேலை பாதியில் இருந்தாலும் சரி. அதனால் முதல் முறை பெரிதாக இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். அது ஏறிய மறுநாளே துப்புரவில் இறங்காதீர்கள். அப்டேட்டில் ஏதும் சிக்கல் இருந்தால் பின்வாங்க வழி வேண்டும், ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யலாம்.

படி 4: பாதியில் சிக்கிய அப்டேட்

அப்டேட் பாதியில் சிக்கி நிற்பவர்களுக்கு மட்டும் இது. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து 'விண்டோஸ் அப்டேட்'டை ஸ்டாப் செய்யுங்கள். அப்புறம் விண்டோஸ் ஃபோல்டரில் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்', அதற்குள் 'டவுன்லோட்'. உள்ளே இருப்பதை மட்டும் அழித்துவிட்டு சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். தேவையான அப்டேட் மறுபடி இறங்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால் குற்றவாளி அப்டேட் இல்லை. அப்போது நான் எடுப்பது விஸ்ட்ரீ என்ற மென்பொருள். டிரைவின் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் எது பெரிய கோப்பு என்று காட்டிவிடும். 'ஒரே கிளிக்கில் வேகம்' என்று விளம்பரம் செய்யும் கிளீனர் மென்பொருள்கள் எனக்கு ஆகாது. 2017-ல் சிசிகிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே தீநிரல் புகுந்து மக்களிடம் போய்ச்சேர்ந்தது. விண்டோஸிலேயே இருக்கும் வசதிக்கு வெளியாள் எதற்கு?

பின்சேர்க்கை 1: 'விண்டோஸ் அப்டேட் கிளீனப் 8.63 ஜிபி காட்டுகிறது, எத்தனை முறை அழித்தாலும் போகவில்லை' என்று கேட்டிருந்தீர்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் இருந்த குறை இது. டிஸ்க் கிளீனப் தவறான அளவைக் காட்டுகிறது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. முதல் முறையிலேயே கோப்புகள் போய்விட்டன, எண் மட்டும்தான் நிற்கிறது. சி டிரைவில் காலி இடம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை 2: விண்டோஸுக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் பெரிதாக இருக்கிறதே, அழிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கூடாது. ஆஃபீஸ் போன்ற மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் நீக்கவும் அந்தக் கோப்புகள் தேவை. அதன் அளவைக் குறைக்க வேண்டுமென்றால், பயன்படுத்தாத மென்பொருள்களை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.