பெக்கரி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரத்தை ஒட்டிய ஒரு காய்ந்த ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தேன். இங்கே படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணா, அம்மா இல்லாத குட்டி. தனியா நின்னுட்டிருந்துச்சு, பாவம்." உள்ளே செம்பழுப்பு நிறத்தில், பன்றிபோல இருக்கும் காட்டு விலங்கான பெக்கரியின் குட்டி.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதேபோல ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

தண்ணீர் எடுத்துப் போங்கள், கள்ளி முள்ளைப் பார்த்து நடங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. ஒரு நாள் நடந்தால் தானே தெரிந்துவிடும்.

பன்றி என்று நினைத்துக்கொண்டு போவது

பார்க்கப் பன்றிபோல இருக்கும். ஆனால் பெக்கரிகள் தனிக் குடும்பம். நம் ஊர்க் காட்டுப்பன்றியின் மேல் கோரைப்பல் வெளியே வளைந்து மேல்நோக்கி இருக்கும். பெக்கரிக்கு நேராகக் கீழ்நோக்கி இருக்கும். அது கீழ்ப்பல்லோடு உரசி உரசிக் கத்திபோல் கூராகவே இருக்கும். வால் இருப்பதே தெரியாது. பன்றி படுத்துக்கொண்டு பால் கொடுக்கும்; பெக்கரி நின்றபடி கொடுக்கும், குட்டிகள் பின்னங்கால்களுக்கு இடையே தலையை நுழைத்துக் குடிக்கும்.

மூன்று இனங்கள் உண்டு. அமேசான் காடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை சேர்ந்து திரியும் வெள்ளை உதட்டுப் பெக்கரி ஒன்று. தென்னமெரிக்காவின் சாக்கோ பகுதிப் பெக்கரி இன்னொன்று. 1970களில் உயிரோடு இருப்பது தெரியும்வரை அறிவியல் உலகம் அதைப் புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்தது. இங்கே நாம் பார்ப்பது கழுத்தில் வெளிர்ப் பட்டை போட்ட இனம். உள்ளூரில் ஹவலீனா என்பார்கள். பெரியது 20 கிலோ, 25 கிலோ வரும்.

பன்றி என்று நினைத்துப் போகிறவர்கள் சேற்றையும் தோண்டிய மண்ணையும் தேடுகிறார்கள். இதுவும் மூக்கால் மண்ணைக் கிளறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாலைவனத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சப்பாத்திக்கள்ளியை. மடல் நார் நாராகக் கிழிந்து தொங்கினால் பெக்கரி கடித்தது. வெட்டினாற்போல் இருந்தால் முயல்.

கோடையில் பகலில் தேடுவது

ராத்திரிதான் மேயும். குளிர்காலமென்றால் வெயில் ஏறிய பிறகு போங்கள்.

தனியாக நிற்கும் குட்டியைத் தூக்குவது

பத்து வருடத்துக்கு முன்னால், நான் குட்டியைத் தூக்கிய அன்று, ஒன்பது பெக்கரிகள் கொண்ட கூட்டத்தைப் பார்த்தேன். காற்று என் முதுகுப் பக்கமிருந்து அடித்ததைக் கவனிக்காமல் நெருங்கிவிட்டேன். கண் பார்வை குறைவு என்றாலும் மோப்பம் அதற்கு அபாரம். ஒன்று 'வுஃப்' என்று குரைத்தது. அவ்வளவுதான், நாலாபக்கமும் சிதறிவிட்டன. புழுதி அடங்கியதும் பார்த்தால் மெஸ்கீட் மரத்தடியில் ஒரு குட்டி, அசையாமல்.

நானும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் வரவில்லை. கைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டி, வீட்டுக்குத் தூக்கி வந்து பால் கொடுத்தேன். ராத்திரிக்குள் அது என் காலடியை விட்டு நகர மறுத்தது. மறுநாள் காலை அதே மரத்தடிக்குக் கொண்டு போனேன். கூட்டம் அங்கே இல்லை.

அப்புறம் காயம்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் இடத்தில் ஒப்படைத்தபோதுதான், இனி இதைக் காட்டில் விட முடியாது என்று சொன்னார்கள். பெக்கரிக்கு இடுப்புக்கு மேலே, முதுகில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து எண்ணெய்போல ஒன்று கசியும். இரண்டு பெக்கரிகள் தலைக்கு வால் பக்கமாக நின்று, ஒன்றன் சுரப்பியில் மற்றது கன்னத்தைத் தேய்த்துக்கொள்ளும். இப்படித் தேய்த்துத் தேய்த்தே கூட்டம் முழுக்க ஒரே வாசம் ஏறிவிடும். யார் நம்மவர், யார் அந்நியர் என்பதற்கு அந்த வாசம்தான் அடையாளம். அந்நிய வாசத்தோடு வருவதை இன்னொரு கூட்டம் துரத்தும், கடிக்கும். மனிதனை ஒட்டிக்கொண்டு வளர்ந்த குட்டிக்குப் போக இடமே கிடையாது. அடைப்பில் அது 20 வருடம்கூட உயிரோடிருக்கும். நான் தூக்கி வந்தது இன்றும் வேலிக்குள்தான் இருக்கிறது.

எனக்கு அன்று தெரியாதது ஒன்றுதான். சிதறிய கூட்டம் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் ஒளிந்திருக்கும். பிறகு அடித்தொண்டையில் மெல்ல உறுமிக் கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து சேரும். குட்டி அசையாமல் நின்றது அதற்காகத்தான். தாய் வராமல் இருந்ததற்குக் காரணம் நான். பக்கத்திலேயே நின்று 'தாய் வருகிறதா' என்று பார்த்துக்கொண்டிருந்தேனே!

அதனால் குட்டியைப் பார்த்தால் உடனே விலகிப் போங்கள். பத்தடி இல்லை, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு. மறுநாளும் அது அங்கேயே கிடந்தால் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள்.

அந்தத் தம்பி தூக்கி வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. எடுத்த இடத்திலேயே விடச் சொல்லி, இருவரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து உறுமல் கேட்டது. தொலைநோக்கியில் பார்த்தோம். பெண் பெக்கரி ஒன்று வந்து குட்டியை வெகுநேரம் மோந்துகொண்டே நின்றது. பிறகு நடந்தது. குட்டி அதன் பின்னங்காலை ஒட்டியே போனது.

ஓடி வருவதைப் பார்த்து ஓடுவது

மிரண்ட பெக்கரி உங்களை நோக்கி வந்தால் பெரும்பாலும் அது தாக்குவதில்லை. நீங்கள் நிற்பது தெரியாமல் தப்பி ஓடுகிறது. பக்கவாட்டில் ஒதுங்கி வழி விடுங்கள். பற்களை மோதிச் சடசடவென்று சத்தம் எழுப்பினால்தான் எச்சரிக்கை, அப்போது பின்வாங்கிவிடுங்கள்.

நாயோடு போவது

நாயும், அதன் எதிரியான கயோட்டி என்ற காட்டு நாயும் அதற்கு ஒன்றுதான். வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

படத்துக்காகத் தீனி வைப்பது

டூசான் இருக்கும் பீமா மாவட்டத்தில் இது சட்டப்படி குற்றம்.

செத்துக் கிடப்பதன் அருகே போவது

2017 ஜனவரியில், அரிசோனாவின் ப்ரெஸ்காட் ஊரில் ஒரு பள்ளிச் சிறுவன் தன் வீட்டுக்குப் பின்னால் செத்துக் கிடந்த பெக்கரி அருகே தானியங்கிக் கேமரா வைத்தான். கூட்டத்தில் இருந்தவை பத்து நாள் திரும்பத் திரும்ப வந்தன. மூக்கால் தள்ளித் தூக்கிவிடப் பார்த்தன, பக்கத்தில் படுத்துத் தூங்கின, தின்ன வந்த கயோட்டிகளை விரட்டின. பின்னர் அது ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. பெக்கரி ஏதாவது செத்துக் கிடப்பதைப் பார்த்தால் சில நாள் அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியில் நடங்கள். மற்றவை பக்கத்துப் புதரில்தான் இருக்கும்.