பைத்தானில் சிடி ஸ்கேன் காட்டும் செயலி: முதலில் எண், அப்புறம் படம்

சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு வரும்போது பல இடங்களில் ஒரு குறுந்தட்டையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கணினியில் போட்டுப் பார்த்தால் பெயரே புரியாத நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் உடலின் ஒரு குறுக்குவெட்டு, அதாவது ஒரு ஸ்லைஸ். எல்லாம் டைகாம் என்ற வடிவத்தில் இருக்கும். அவற்றைத் திறந்து, வரிசையாக உருட்டிப் பார்க்க ஒரு சிறு செயலி எழுதுவோம். பைத்தானில் லூப்பும் ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்ற நிரல்களில் தப்பு செய்தால் பெரும்பாலும் பிழைச்செய்தி வரும். இங்கே தப்பு செய்தாலும் படம் வரும், அழகாகவே வரும், ஆனால் உண்மையாக இருக்காது. அதனால் ஒவ்வொரு படியிலும் முதலில் எண்ணை அச்சிட்டுச் சரிபாருங்கள், அப்புறம் படத்தைப் பாருங்கள். இந்தச் செயலி கற்றுக்கொள்வதற்குத்தான். இதை வைத்து யாருக்கும் நோய் கண்டறியக் கூடாது.

படி 1: தேவையானவை

தனியாக ஒரு மெய்நிகர் சூழல் (இந்த வேலைக்கு மட்டுமான பைத்தான் இடம்) உருவாக்கி, பிப் என்ற நிறுவும் கருவி மூலம் நான்கு நூலகங்களை நிறுவுங்கள்: டைகாம் கோப்பைப் படிக்க பைடைகாம், எண் கணக்குக்கு நம்பை, படம் காட்ட மேட்பிளாட்லிப், க்யூடி என்ற கருவித்தொகுப்பால் திரைச் சாளரம் அமைக்க பைசைட் 6. உங்கள் நிரல் கோப்புக்குப் பைடைகாம் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். இம்போர்ட் செய்யும்போது பைத்தான், நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும், காரணம் புரியாமல் ஒரு மணி நேரம் போகும்.

மாதிரிப் படத்துக்கு அலைய வேண்டாம். பைடைகாமுடனேயே 128க்கு 128 அளவில் ஒரு குட்டி சிடி கோப்பு வருகிறது. முழு வரிசை வேண்டுமென்றால் கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ் தளத்தில் நோயாளி அடையாளம் நீக்கிய ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கும். தெரிந்தவரின் ஸ்கேனை வாங்கிப் பழகாதீர்கள். கோப்பின் உள்ளேயே பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும், அதை அறியாமலே ஸ்கிரீன்ஷாட்டில் வெளியே விட்டுவிடுவோம்.

படி 2: திறந்து, தலைப்பகுதியைப் படியுங்கள்

டைகாம் கோப்பின் முதல் 128 பைட் ஒதுக்கப்பட்ட இடம். அடுத்த 4 பைட்டில் டி, ஐ, சி, எம் என்ற எழுத்துகள் இருக்கும். பைடைகாமின் டிசிஎம்ரீட் ஃபங்ஷன் இதைப் பார்த்துத்தான் கோப்பை ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் இது டைகாம் அல்ல என்று பிழை காட்டும். வலுக்கட்டாயமாகத் திறக்க ஃபோர்ஸ் என்ற தேர்வு உண்டு, ஆனால் அது உண்மையிலேயே படக்கோப்புதானா என்று பார்த்துவிட்டு அதைத் தொடுங்கள். குறுந்தட்டில் டைகாம்டிர் என்று ஒரு கோப்பும் இருக்கும். அது பொருளடக்கம் மாதிரி: திறக்கும், ஆனால் உள்ளே படம் இருக்காது.

திறந்ததும் வரிசை, நெடுவரிசை எண்ணிக்கை, பிக்சல் இடைவெளி, ரீஸ்கேல் ஸ்லோப், ரீஸ்கேல் இன்டர்செப்ட், டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸ் இவற்றை அச்சிடுங்கள். டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸ் ஜேபெக் வகை என்று சொன்னால் படம் சுருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை விரிக்க பைலிப்ஜேபெக் போன்ற துணை நூலகம் வேண்டும். பிக்சலைக் கேட்கும்போது வரும் நீளமான பிழைச்செய்திக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

படி 3: எண்களை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகாக்குங்கள்

இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும். சிடியைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது: தண்ணீர் 0, காற்று -1000. கொழுப்பு ஏறக்குறைய -100, கெட்டி எலும்பு பல நூறுக்கு மேல். கோப்பில் இருக்கும் எண் நேரடியாக இந்த அலகில் இருப்பதில்லை. கோப்பு எண்ணை ஸ்லோப்பால் பெருக்கி, இன்டர்செப்டைக் கூட்ட வேண்டும். பல கோப்புகளில் ஸ்லோப் 1, இன்டர்செப்ட் -1024.

நான் முதன்முதலில் எழுதியபோது, எப்படியும் -1024 தானே என்று பிக்சல் அணியிலிருந்து (படத்தின் எண்களை வைத்திருக்கும் நம்பை அட்டவணையிலிருந்து) நேராக 1024ஐக் கழித்துவிட்டேன். படம் வந்தது. ஆனால் உடலைச் சுற்றியுள்ள காற்றும் நுரையீரலும் வெள்ளையாகப் பளிச்சிட்டன. ஏதோ நிறத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் வண்ணப் பட்டியலை மாற்றிக்கொண்டிருந்தேன். அணியின் மிகச்சிறிய, மிகப்பெரிய எண்களை அச்சிட்ட பிறகுதான் விடை கிடைத்தது: மிகப்பெரிய எண் 65 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

அந்தக் கோப்பு குறியற்ற 16 பிட் எண்களில் இருந்தது, அதில் எதிர்ம எண்ணுக்கு இடமே இல்லை. காற்றின் கோப்பு எண் 24 என்றால், 24இலிருந்து 1024ஐக் கழித்தால் -1000 வர வேண்டும். குறியற்ற 16 பிட்டில் அது சுற்றிக்கொண்டு 64536 ஆகிவிடும். இருட்டாக இருக்க வேண்டிய காற்று, எலும்பைவிடப் பிரகாசமாகிவிடும். நம்பை இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது.

தீர்வு ஒரே வரி: கணக்குப் போடும் முன் அணியை 32 பிட் மிதவை எண்ணாக (ஃப்ளோட்) மாற்றுங்கள், இன்டர்செப்டைக் கோப்பிலிருந்தே எடுங்கள். முடித்ததும் உடலுக்கு வெளியே, ஆனால் ஸ்கேன் வட்டத்துக்குள் இருக்கும் ஒரு புள்ளியின் எண்ணை அச்சிடுங்கள். -1000க்குப் பக்கத்தில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வட்டத்துக்கு வெளியே சில இயந்திரங்கள் -2000 போன்ற நிரப்பு எண்ணை வைக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

படி 4: விண்டோ

சிடி ஏறக்குறைய 4096 நிலைகளைப் பதிவு செய்கிறது, சாதாரணத் திரையின் சாம்பல் நிறங்களோ 256. எல்லாவற்றையும் அமுக்கினால் மூளை முழுவதும் ஒரே சாம்பலாகத் தெரியும். அதனால் ஒரு துண்டை மட்டும் எடுத்து விரிக்கிறோம், அந்தத் துண்டுதான் விண்டோ. மென்திசுவுக்கு மையம் 40, அகலம் 400 என்று வைத்தால் -160இலிருந்து 240 வரை. மூளைக்கு மையம் 40, அகலம் 80. நுரையீரலுக்கு மையம் -600, அகலம் 1500.

கணக்கு எளிது. மையத்திலிருந்து பாதி அகலத்தைக் கழித்தால் கீழ் எல்லை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழித்து, அகலத்தால் வகுத்து, 255ஆல் பெருக்குங்கள். அப்புறம் க்ளிப் ஃபங்ஷனால் 0க்கும் 255க்கும் இடையில் அடக்கி, கடைசியாகத்தான் 8 பிட்டாக மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் 256 மறுபடி 0 ஆகி, எலும்பின் நடுவே கறுப்புப் பட்டைகள் விழும்.

கோப்பிலேயே விண்டோ மையம் எழுதப்பட்டிருக்கலாம். சிலவற்றில் ஒரே இடத்தில் இரண்டு மதிப்புகள் இருக்கும், எண்ணாக மாற்றப் போனால் நிரல் நின்றுவிடும். பட்டியலாக இருந்தால் முதல் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்பிளாட்லிப்பின் இம்ஷோவில் காட்டும்போது குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 255 என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் படத்தில் உள்ள எண்களை வைத்து அதுவே அளவை முடிவு செய்யும், ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் பிரகாசம் தாவும்.

படி 5: ஸ்லைஸ்களை அடுக்குதல்

கோப்புப் பெயரை வைத்து அடுக்கக் கூடாது. பெயர் எழுத்தாக ஒப்பிடப்படுவதால் 1க்குப் பிறகு 10 வரும், 2 அப்புறம்தான் வரும். ஒவ்வொரு கோப்பிலும் இமேஜ் பொசிஷன் என்று மூன்று எண்கள் உண்டு. நேரான குறுக்குவெட்டுகளுக்கு மூன்றாவது எண்ணை வைத்து அடுக்கினால் போதும், அது கால் பக்கத்திலிருந்து தலை பக்கம் கூடிக்கொண்டே போகும்.

அதற்கு முன் சீரிஸ் அடையாள எண்ணை (எந்தப் பட வரிசையைச் சேர்ந்தது என்று காட்டும் எண்) வைத்துக் கோப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படமும் அதே கோப்புறையில் இருக்கும், அதன் அளவு வேறு. அணிகளின் வடிவம் பொருந்தவில்லை என்று நம்பை முறையிட்டால் முதலில் அதைத் தேடுங்கள்.

அடுக்கியபின் அடுத்தடுத்த இடங்களுக்கு உள்ள வித்தியாசத்தை அச்சிடுங்கள். எல்லாம் 5 மில்லிமீட்டர், ஓர் இடத்தில் மட்டும் 10 என்றால் ஒரு ஸ்லைஸ் காணாமல் போயிருக்கிறது. கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கடினம்.

படி 6: க்யூடி சாளரம்

ஒரு லேபிள், ஒரு ஸ்லைடர், அவ்வளவுதான். ஸ்லைடர் நகர்ந்தால் அந்த எண்ணுள்ள ஸ்லைஸை விண்டோ செய்து, க்யூஇமேஜாக (க்யூடியின் பட வடிவமாக) மாற்றி, லேபிளில் வைக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். இங்கே இரண்டு பொறிகள்.

முதலாவது, ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பதை க்யூஇமேஜுக்குச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் 4இன் மடங்கில் முடிவதாக அது எடுத்துக்கொள்ளும். 512 அகலமுள்ள சிடியில் எந்தக் கோளாறும் தெரியாது. 4ஆல் வகுபடாத அகலமுள்ள எக்ஸ்ரேயைத் திறந்த அன்றைக்குப் படம் சாய்ந்து, கிழிந்த மாதிரி நிற்கும். அகலத்தையே வரிக்கான பைட் எண்ணாகக் கொடுங்கள்.

இரண்டாவது, க்யூஇமேஜ் உங்கள் அணியை நகல் எடுப்பதில்லை, அதே நினைவகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃபங்ஷன் முடிந்து அணி அழிந்தால் திரையில் புள்ளிக்குப்பை வரும், அல்லது செயலி சொல்லாமல் மூடிக்கொள்ளும். காப்பி ஃபங்ஷனை அழைத்துவிட்டால் தீர்ந்தது.

படி 7: இடம், வலம்

கடைசியாகச் செய்தாலும் இதைத் தவிர்க்கவே கூடாது. குறுக்குவெட்டுப் படத்தை நோயாளியின் கால் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் காட்டுவது வழக்கம். அதனால் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் வரும், கல்லீரல் திரையின் இடது புறத்தில் தெரியும். ஆனால் உறுப்புகள் இடம் மாறிப் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே கல்லீரலை நம்பாமல் இமேஜ் ஓரியன்டேஷனில் உள்ள ஆறு எண்களைப் படியுங்கள். டைகாமில் முதல் அச்சு நோயாளியின் இடது பக்கம் கூடும். அந்த ஆறில் முதல் எண் 1 என்றால் திரையில் வலப்புறம் போகப்போக நோயாளியின் இடப்பக்கம் வருகிறது. திரையின் இடது ஓரத்தில் ‘வலம்’ என்றும் வலது ஓரத்தில் ‘இடம்’ என்றும் அந்த எண்ணைப் பார்த்தே எழுதச் செய்யுங்கள். எண் -1 ஆக இருக்கும் ஒரு கோப்பைத் திறக்கும்போது எழுத்துகள் தாமாகவே இடம் மாறுகின்றனவா என்று கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.