குழந்தைக்கு வெள்ளி ஸ்பூன், கிண்ணம் வாங்கப் போகிறீர்களா?

அக்கா பையனுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று வந்த வெள்ளிச் சாமான்களில் பாதி இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. தினமும் புழங்கியது வேலைப்பாடே இல்லாத ஒரு சின்ன ஸ்பூன் மட்டும்தான். குழந்தை வாயில் வைக்கப்போகும் பொருள் என்பதை நினைவில் வைத்து வாங்கினால் உங்கள் பரிசும் அப்படிப் புழங்கும்.

1. வயதைக் கேளுங்கள். கைக்குழந்தைக்குப் பாலாடை. ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டப் போகிறார்கள் என்றால் கிண்ணமும் ஸ்பூனும். ஒரு வயதைத் தாண்டிவிட்டால் தானே பிடித்துச் சாப்பிடக் குட்டையான, தடித்த காம்பு உள்ள ஸ்பூன்.

2. தரத்தைப் பாருங்கள். ஸ்பூனுக்கு 925 போதும். அதில் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 999 சுத்தமானதுதான், ஆனால் மெத்தென்று இருப்பதால் மெல்லிய காம்பு சீக்கிரம் வளைந்துவிடும். கிண்ணத்துக்கு அது பரவாயில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீட்டுடன் ஹால்மார்க் (தர முத்திரை) தருகிறார்கள். கட்டாயமில்லை என்பதால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

ஜெர்மன் சில்வர் என்றால் வாங்காதீர்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். குங்குமச்சிமிழாக இருக்கட்டும், குழந்தை வாய்க்கு வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்தும் வெள்ளி என்று முடிவு செய்யாதீர்கள். ஜெர்மன் சில்வரிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது.

3. விரலால் தடவுங்கள். இதற்குத்தான் கடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஸ்பூனின் விளிம்பை ஆள்காட்டி விரலால் சுற்றி வாருங்கள். எங்கேயாவது நெருடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலாடையின் மூக்கையும் அப்படியே பாருங்கள். அக்காவுக்கு வந்த ஒரு பாலாடையில் மயில் வேலைப்பாடு, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தோகைக் கோடுகளுக்குள் பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டது, தேய்த்தாலும் போகவில்லை. கல், முத்து, சலங்கை வைத்ததும் வேண்டாம், கழன்று தொண்டையில் சிக்கலாம். பற்றவைத்து ஒட்டாமல் ஒரே துண்டாக அடித்த ஸ்பூன்தான் என் தேர்வு.

4. பில் வாங்குங்கள். எடை, தரம், செய்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பெயர் பொறிப்பதானால் காம்பின் பின்பக்கம் போதும்.

5. கொடுக்கும்போது அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெள்ளி சூட்டைச் சட்டென்று இழுக்கும். கஞ்சி ஆறிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஸ்பூனையும் தொட்டுப் பார்த்து ஊட்ட வேண்டும். அப்புறம், முட்டை பட்டால் அதிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். பயப்பட வேண்டாம். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வைத்து, சமையல் சோடா ஒரு ஸ்பூன் தூவி, கொதிநீர் ஊற்றினால் சில நிமிடத்தில் கறுப்பு விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டு நன்றாக அலசி, துணியால் ஒற்றி வைக்கலாம்.