பேக்லாஷ் இருந்தாலும் அச்சு ஒரே இடத்தில் நிற்க

புரோகிராமில் ஓடும் இயந்திரத்தில் மேசையை நகர்த்தும் திருகான லீட் ஸ்க்ரூ தேய்ந்து பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டம்) வந்துவிட்டதா? புது ஸ்க்ரூ வாங்குவதற்கு முன், அச்சு (ஒரு நேர்கோட்டில் நகரும் பகுதி) எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படி புரோகிராமை மாற்றிப் பாருங்கள். எதிர்த்திசையில் வரும்போது இலக்கைப் பேக்லாஷைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாண்டிப் போய்த் திரும்பி வரட்டும். பேக்லாஷ் 0.05 மி.மீ. என்றால் 0.2 மி.மீ. தாண்டினால் தாராளம். ஹோமிங்கும் (தொடக்கத்தில் பூஜ்ய இடத்தைத் தேடிப் போவது) அதே திசையில் முடிய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

திசை மாறும்போது மோட்டார் சுற்றும், அந்தச் சுழற்சியை அளக்கும் என்கோடரும் எண்ணும். ஆனால் நட்டுக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி தீரும்வரை மேசை அசையாது. ஒரே பக்கமாக வந்தால் மரையின் அதே முகம்தான் எப்போதும் நட்டைத் தள்ளும், அதனால் ரிப்பீட்டபிலிட்டி (ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்பது) நன்றாகக் கிடைக்கும். ஸ்க்ரூவின் பிட்ச் பிழை (மரைகளுக்கு இடையிலான தூரத்தில் உள்ள பிழை) மட்டும் அப்படியே இருக்கும்.

துளையிடுதல், பொருளை எடுத்து வைத்தல் போன்ற நின்று செய்யும் வேலைகளுக்கே இது உதவும். வட்டம் வெட்டும்போது திசை நடுவிலேயே மாறுவதால் பயன்படாது. அதற்குப் பிரீலோட் உள்ள (இடைவெளி இல்லாதபடி முன்கூட்டியே அழுத்தி வைத்த) பால் ஸ்க்ரூதான், அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகுதான் சரி. செங்குத்து அச்சில் எடையே நட்டை ஒரு பக்கம் அழுத்தி வைப்பதால் பெரும்பாலும் தேவைப்படாது.