பெல்லட்டை உங்கள் பாரல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் மதுரைக்கார அம்மா போன வாரம் என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டார். மகள் துக்ளகாபாத்தில் துப்பாக்கி சுடும் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது, ஸ்கோர் நகரவில்லை. "சார், ஒலிம்பிக்ல சுடறவங்க எந்த பெல்லட் போடறாங்களோ அதையே வாங்கிடலாமா?"

வேண்டாங்க என்றேன். பெல்லட் என்பது காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளில் போடுகிற சின்ன ஈயக் குண்டு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 60 குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. அதில் 600-ஐத் தொடாதவருக்குப் பெல்லட் ஒரு பிரச்சினையே இல்லை. நிற்பது, மூச்சு, ட்ரிக்கர், இந்த மூன்றில் கரைகிற புள்ளிகளை எந்த பெல்லட் டின்னும் திருப்பித் தராது. அதுவரை ஏதாவது ஒரு நல்ல கம்பெனியின் சாதாரண மேட்ச் பெல்லட் போதும். தலை தட்டையாக, 4.5 மி.மீ.யில் இருக்கட்டும்.

600-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் இனி எழுதுவது.

ஆயிரம் கஜம் தள்ளி ரைஃபிள் சுடுகிற வெளிநாட்டு ஆட்கள் வீட்டில் தோட்டா அழுத்தும் பிரஸ் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, தங்கள் துப்பாக்கிக்கென்றே தோட்டா செய்துகொள்வார்கள். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் ஆயுதச் சட்டம் பாயும். ஏர் ரைஃபிள்காரர்களுக்கு மருந்தும் கிடையாது, பிரஸ்ஸும் கிடையாது. வந்ததில் பொறுக்குவது ஒன்றுதான் நம் கையில். அதையாவது ஒழுங்காகச் செய்வோம்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் நம்பர் உள்ள இரண்டு ரைஃபிளுக்குக்கூட ஒரே பெல்லட் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பாரலின், அதாவது குழலின், உள்சுற்று வரிகளிலும் வாய்ப்பக்கம் லேசாகக் குறுகும் இடத்திலும் நூலிழை வித்தியாசம் இருக்கும். பெல்லட்டும் அப்படித்தான், அச்சு தேயும், மாற்றுவார்கள், ஆக லாட்டுக்கு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்குத் தொகுதி, குணம் மாறும். டின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருப்பார்கள். தேடலை எங்கே தொடங்கலாம் என்பதற்கு அது உதவும், அவ்வளவுதான். அதனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், சுட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், ஜே.எஸ்.பி., சியாங் யுவான் எதுவாக இருந்தாலும் நான்கைந்து லாட்டில் ஒவ்வொரு டின் முதலில் கைக்கு வரட்டும். தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது, ரேஞ்சில் நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

தோளில் வைத்துச் சுட்டுச் சோதிக்காதீர்கள், அதில் தெரிவது உங்கள் கை, பெல்லட் இல்லை. ஸ்டாக்கை, அதாவது தோளில் வைக்கும் கட்டையை, கழற்றிவிட்டு மீதியை வைஸில் (மேஜையில் பொருத்திய இறுக்கியில்) பிடிக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் ரேஞ்சில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரிடமோ கோச்சிடமோ சொல்லிச் செய்யுங்கள். வைஸின் தாடைக்கு ரப்பரோ தோலோ வைக்கவும். காற்று சிலிண்டரில் வைஸ் படவே கூடாது. உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கிறது, விளையாட்டு இல்லை.

வேறு பெல்லட்டுக்கு மாறும்போது முதல் 15 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பாரலில் பழைய ஈயம் ஒட்டியிருக்கும். அப்புறம் பத்துப் பத்துக் குண்டாக மூன்று இலக்கு அட்டையில் சுடுங்கள். ஐந்து குண்டு குரூப்பை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன், ஒரு லாட் ஐந்து குண்டை ஒரே ஓட்டையில் போட்டது, ஆஹா என்று பத்து டின் வாங்கிவிட்டேன், பிறகு பார்த்தால் எட்டாவதோ ஒன்பதாவதோ ஒன்று தவறாமல் வெளியே ஓடுகிறது.

ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை வெர்னியரில் அளந்து 4.5-ஐக் கழியுங்கள், குண்டுகளின் மையங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது கிடைக்கும். அட்டையின் நடுவில் இருக்கும் பத்தாம் புள்ளி 0.5 மி.மீ. அகலம்தான், மையத்திலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் ஒரு தசமம், அதாவது 0.1, போகும். வெளி அளவு 6 மி.மீ. வந்தால் பரவல் ஒன்றரை மி.மீ., அதாவது நடுவில் சரியாக விழுந்தால் மோசமான குண்டுக்கும் ஏறக்குறைய 10.7 கிடைக்கும். ஏழரை வந்தால் அதே குண்டு 10.4-க்கு இறங்கிவிடும், நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலேயே. நான் ஆறுக்குள் வருவதை வைத்துக்கொள்கிறேன், ஏழைத் தாண்டுவது பயிற்சிக்கு. மூன்று அட்டையில் மிகப் பெரியது எதுவோ அதை வைத்தே முடிவு செய்யுங்கள், அழகான அட்டையை வைத்து அல்ல.

நகைக்கடைத் தராசு வாங்கி ஒவ்வொரு பெல்லட்டாக நிறுப்பவர்கள் உண்டு. நானும் ஒரு ஜனவரி முழுக்க, வெளியே மூடுபனி, உள்ளே ஹீட்டர் போட்டுக்கொண்டு நிறுத்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். 0.53 கிராம் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போனால் பத்து மீட்டரில் 17 மி.மீ. போல இறங்கும். எடையில் 5 மில்லிகிராம், அதாவது ஒரு சதவீதம் கூடினால் இறக்கம் இன்னும் 0.17 மி.மீ., ஒரு தசமம்கூட இல்லை. நல்ல டின்னில் அவ்வளவு வித்தியாசமும் வராது. தராசு இப்போது என் மனைவியிடம், குங்குமப்பூ நிறுக்கிறார்.

கண்ணால் பார்த்துப் பொறுக்குவது நிஜமாகவே பலன் தரும். பெல்லட்டின் பின்பக்க விரிவை ஆங்கிலத்தில் பாவாடை என்பார்கள், அது காகிதம் போல மெல்லியது. ஒரு பெல்லட்டை வெளிச்சத்தில் விரல் நுனியில் உருட்டுங்கள், விளிம்பு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒருமுறை சென்னைக்குப் போகும்போது பாதி தீர்ந்த டின்னைப் பையில் போட்டுக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு குலுங்கியதில், திறந்தபோது உள்ளே கறுப்பாக ஈயப் பொடி, பத்தில் ஒன்று நெளிந்திருந்தது. காலி இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்து மூடியிருக்க வேண்டும்.

பிடித்த லாட் கிடைத்ததும் ஒரு வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்குங்கள். 500 உள்ள டின், தினம் 80 சுட்டால் ஆறு நாள், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் எல்லாம் ஒரே லாட் என்று சொன்னாலும் ஒவ்வொரு டின்னையும் திருப்பி ஸ்டிக்கரில் எண்ணைப் பாருங்கள். எனக்கு வந்த பத்தில் மூன்று வேறு லாட், வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். கடைசி மூன்று டின் இருக்கும்போதே அடுத்த தேடலைத் தொடங்கிவிடுங்கள்.

பெல்லட் ஈயம். ரேஞ்ச் வாசலில் சமோசாவில் கை வைப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள், பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.